செக்ரோலில் இருந்த பெயர்

புளித்த ரப்பர்பாலின் நெடி எங்கே எழுந்தாலும், விடியுமுன் பனியில் நனைந்து கிடந்த, ஆள்கணக்கெடுக்கும் "பெரட்டுக்களம்", பால்வாளிகளோடு வரிசையில் நின்ற தோட்டத்து ஆட்கள், அவர்கள் முன்னால் அரிக்கேன் விளக்கடியில் பெயர் வாசித்துக்கொண்டிருந்த நான், எல்லாம் திரும்பி வந்துவிடுகின்றன.

ஈப்போ பக்கம் கோப்பெங்கை அடுத்த ரப்பர்த் தோட்டமொன்றில் என் அப்பா கணக்கெழுதும் கிராணி. எங்கள் சின்னத் தேவாலயத்தின் மூப்பரும் அவரே. அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்ட ஒரு பள்ளி விடுமுறையில், ஆள்பெயர் ஏடான "செக்ரோலை" பதின்மூன்று வயதான என்னிடம் வாசிக்கக் கொடுத்தார். தோட்டத்தில் இரண்டு வேலு இருந்ததால், அடையாளத்துக்காக ஒருவரைக் "கள்ளு வேலு" என்றே அப்பா அதில் எழுதியிருந்தார். அந்த வேலுதான் குடியை விட்டு மனந்திரும்பி, முந்தின நாள் ஞாயிறன்று ஈயம் தோண்டிக் கைவிட்ட பழைய ஈயலம்பக் குட்டையில் ஞானஸ்நானம் பெற்று, ஈசாக்கு என்ற பெயரோடு கரையேறியிருந்தார். கரையில் நின்று பாடியவர்களில் நானும் ஒருவன்.

திங்களன்று ஏட்டில் இருந்தபடியே கூப்பிட்டேன். எனக்கு நேர் எதிரே நின்றவர் வாய் திறக்கவில்லை. மூன்றாம் முறை கூப்பிட்டபோது பணிவாகச் சொன்னார்:

"அந்த ஆளு செத்துட்டான் தம்பி. ஈசாக்குன்னு கூப்பிடுங்க, வாரேன்."

"செத்த ஆளுக்கு வேலை எதுக்குலா?" என்றேன்.

களமே சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது. அன்று அவருக்கு வேலை இல்லை. செவ்வாயும் புதனும் அப்படியே. அவர் மனைவி வீட்டுக்கு வந்து கெஞ்சியபோது, ஞாயிற்றுக்கிழமைப் பெயர் கோயிலோடு இருக்கட்டும், செக்ரோலை மாற்ற முடியாது என்று அப்பா முடித்துவிட்டார். மாற்றிக் கூப்பிட ஏடு எதற்கு? வாய் என்னுடையதுதானே. நான் கூப்பிடவில்லை.

வியாழனன்று, பிள்ளைகள் பசியோடு வீட்டில் இருக்க, அவர் தலையைக் குனிந்துகொண்டு பழைய பெயருக்கே "இருக்கேன்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அந்த மாதம் முடியுமுன் கள்ளுக்கடை வாசலில் அவரைப் பார்த்தேன். "கூப்பிட்டீங்க தம்பி, வந்துட்டேன்லா" என்றார்.

செத்தவரை ஆண்டவர் பெயர் சொல்லி எழுப்பியதைப் பற்றி ஈப்போ தேவாலயத்தில் பிரசங்கம் கேட்கும்போதெல்லாம் என் தலை தானாகத் தாழ்கிறது. ஞானஸ்நானத் தண்ணீரில் புதைக்கப்பட்ட பழைய வேலுவை நானும்தான் பெயர் சொல்லி எழுப்பினேன். பிறவிக் கிறிஸ்தவன் என்று பெருமை பேசிய நான், ஒரு மனிதன் புதிதாகப் பிறக்க முடியும் என்பதை மட்டும் நம்பவில்லை.

இப்போது அங்கே ரப்பர் மரமும் இல்லை, தேவாலயமும் இல்லை. பெரட்டுக்களத்தின் மேல் வரிசை வீடுகள். போன வாரம் அங்கே போய் நின்று, "ஈசாக்கு" என்று ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் திரும்பினாள்.

"அப்படி யாரும் இங்க இல்லையே, தாத்தா."