கமராவில் தெரிந்த மனுசன்

கொழும்புக்கு வடக்கே, ஹெந்தளைக்கு அப்பால் சதுப்பு நிலத்தில் புல் தீப்பற்றி மூன்று நாளாயிருந்தது. மேலே எரிந்த நெருப்பை அணைத்துவிட்டார்கள். ஆனால் அடியில், மக்கிப்போன வேர்களுக்குள் அது புகைந்தபடி ஊர்ந்துகொண்டிருந்தது. எங்கே என்று கண்ணுக்குத் தெரியவில்லை. நான் வெள்ளவத்தையில் ஒரு நில அளவைக் கம்பனியில் ட்ரோன் பறக்கவிடுபவள். சூட்டைப் படம் பிடிக்கும் கமராவை இரவல் கேட்டுத் தீயணைப்புப் பொறுப்பாளர் வந்தபோது, கமராவோடு என்னையும் அனுப்பிவிட்டார்கள்.

வெயில் ஏறினால் தகரக் கூரைகளும் சூடாகித் திரையில் வெள்ளையாகத் தெரியும் என்பதால் விடியற்காலையிலேயே போனோம். தனியாக விடமாட்டேன் என்று என் கணவரும் வாகனத்தில் ஏறிக்கொண்டார். கொட்டாஞ்சேனை ஆள், விட்டுக்கொடுக்க மாட்டார்.

"இதுக்கு ட்ரோன் என்னத்துக்கு? என்ட மூக்குக் காணும்," என்றார், அதுவே போதுமாம். பால் அடிப்பிடித்துக் கருகினாலும் அறியாத மூக்கு.

முதல் தடவை மூன்று வெள்ளைப் பொட்டுகளைக் காட்டினேன். இரண்டு தீயணைப்பு வீரர்கள் தொடையளவு சேற்றில் போய்ப் பார்த்தால், மூன்று எருமைகள். கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று பற்றைப் புதர்ப் பக்கம் போனார்.

ட்ரோனை அந்தப் பக்கம் திருப்பினேன். திரையில் ஓர் ஆள் தரையில் உட்கார்ந்திருந்தார். கை வாய்க்குப் போகும்போதெல்லாம் ஒரு சின்னப் பொட்டுப் பளிச்சிட்டது. சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று மாதா கோயிலில் எனக்குச் சத்தியம் பண்ணியவர்!

பொறுப்பாளரும் எட்டிப் பார்த்து, "ஏ கவுத மிஸ்?" என்று சிங்களத்தில் கேட்டார், அது யாராம்.

"மகே மஹத்தயா," என்றேன். என் புருஷன்தான் என்று சொல்லாமல் வேறு என்ன செய்வது?

ஏசத்தான் ஃபோனை எடுத்தேன். அப்போதுதான் கவனித்தேன். அவரைச் சுற்றிப் பாய் விரித்ததுபோல வெள்ளை, அவர் உடம்பைவிடப் பளிச்சென்று. அவர் அழைப்பை எடுத்ததும் கத்தினேன்.

"இஞ்சேருங்கோ, உடனே எழும்புங்கோ! போன வழியாலயே திரும்பி வாங்கோ!"

"ஏன்? நான் சும்மா காத்து வாங்கிறன்..."

"உங்களுக்குக் கீழ நெருப்பு!"

"அதுதானே பாத்தன், இருக்க நல்ல இதமாக் கிடந்தது," என்றார், ஓடிக்கொண்டே.

அந்த இடத்தைக் கிண்டியதும் புகை குபுகுபுவென்று வந்தது. மத்தியானம் வரை தண்ணீர் அடித்தார்கள். அவருக்கு ஒன்றுமில்லை, காற்சட்டையின் பின்பக்கம் மட்டும் பழுப்பேறியிருந்தது. இப்போது சொந்தக்காரர் வீடுகளில், நெருப்பைக் கண்டுபிடித்தது தான்தான் என்கிறார். நான் மறுப்பதில்லை. சிகரெட்டை அதற்குப் பிறகும் இரண்டு தரம் விட்டுவிட்டார்.