மணி கட்டிய ஜீப்

அந்த ஜீப்புக்குச் சாவி கிடையாது. பட்டாளத்தில் ஓடி ஓய்ந்து ஏலத்தில் வந்த வண்டி. ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சுவிட்சு இருக்கும். அதைத் திருப்பிவிட்டுக் காலடியில் இருக்கும் குமிழை மிதித்தால் போதும், யார் மிதித்தாலும் புறப்பட்டுவிடும். கதவு இல்லை. மேலே கித்தான் கூரை. பானெட்டை இரண்டு பக்கமும் கொக்கி மாட்டி வைத்திருக்கும், பூட்டு இல்லை. அப்படிப்பட்ட வண்டியைத் திருட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளும் வேலை, எழுபதுகளின் கடைசியில், உத்திரமேரூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் எனக்குக் கிடைத்தது.

எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரியில் கிளீனராக ஏறி பெஜவாடா, நாக்பூர் என்று சுற்றி, ஓட்டக் கற்றுக்கொண்டேன். நிறைய நாள் டீயும் பன்னும்தான் சாப்பாடு. அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. ஓரிடத்தில் ஆறு மாதம் இருக்க முடியாது என்பதுதான் என் தொல்லை. காரணமே இல்லாமல் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன்.

மொதலாளிக்குப் பாலாற்றின் இரண்டு கரையிலும் நிலம் இருந்தது. திருமுக்கூடல் பக்கம் இறங்கி, மணலிலேயே ஆற்றைக் கடந்து, உர மூட்டையும் மோட்டாரும் ஏற்றிக்கொண்டு அக்கரை ஏற வேண்டும். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் அதற்குத் தாங்கும். அதனாலேயே அதன்மேல் எல்லோருக்கும் கண். டயரையும் பெட்ரோலையும் யாராவது தட்டிக்கொண்டு போன கதை வாரத்துக்கு ஒன்று காதில் விழும். பக்கத்து ஊர்க் கான்டிராக்டர் ஒருவரின் ஜீப்பைக் கல்லின்மேல் நிறுத்திவிட்டு நாலு சக்கரத்தையும் உருட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். ஸ்டியரிங்கையும் கிளட்ச் பெடலையும் சேர்த்துச் சங்கிலி போட்டேன். ஸ்டெப்னிக்கு இன்னொரு சங்கிலி. ஒவ்வொரு சாயங்காலமும் வண்டியை நிறுத்தியதும் பானெட்டைத் தூக்கி, டிஸ்டிரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் கட்டைவிரல் அளவு ரோட்டாரை உருவி இடுப்பில் செருகிக்கொள்வேன். அது இல்லாவிட்டால் எவன் வந்து மிதித்தாலும் வண்டி கிளம்பாது.

வண்டி நிற்பது கழனிக்கு நடுவில் பம்புசெட் கொட்டகையில். அங்கே காவலுக்கு இருந்தவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கரும்புக்கும் மோட்டாருக்கும் காவல், ஜீப் வந்ததும் அதற்கும் சேர்த்து அவரே. கொட்டகையை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கி, அதில் அவரும் அவர் சம்சாரமும் இருந்தார்கள். என் சங்கிலிகளைப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார்.

"இன்னா தம்பி, ஜீப்ப ஜெயில்ல போட்டுக்கினு கீறே?"

"கதவு இல்லாத வண்டி அண்ணே. வேற இன்னா பண்றது?"

"மாட்டுக்கு இன்னா பண்றோம்? மணி கட்றோம். எங்க மேயுதுன்னு தெரியும்ல?"

மறுநாள் செத்துப்போன எருதின் கழுத்து மணியைத் தேடி எடுத்து வந்து பானெட்டுக்கு உள்ளே கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். பானெட்டைத் தூக்கினால் கழனி முழுக்கக் கேட்கும். மொதலாளி வந்து தானே இரண்டு முறை தூக்கிப் பார்த்துவிட்டு, "படிச்சவனுக்கு வராத மூள இவனுக்கு வருது பாரு" என்றார். ஊரில் எல்லோருக்கும் அந்த மணியைப் பற்றித் தெரியும். ஜீப் மேடு பள்ளத்தில் போகும்போது மணிச் சத்தம் கேட்டு, "எருது வருது, எருது வருது" என்று கேலி செய்வார்கள்.

ஒரு நாள் உரம் ஏற்றப் போகும்போது அவர் தன் சம்சாரத்தையும் ஏற்றிக்கொள்ளச் சொன்னார். உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட வேண்டும். நாலாவது மாதம். முன்பு இரண்டு குழந்தைகள் தங்கவில்லையாம்.

"ஊர்ல யாருக்கும் சொல்லாத தம்பி. கண்ணு பட்டுடும். வயிறு தெரியற வரிக்கும் நாங்களும் வாயத் தொறக்கறதில்ல."

நான் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது அப்போது நல்ல காரியமாக இருந்தது.

அதற்குப் பத்து நாள் கழித்து ஒரு மதியம், காஞ்சிபுரத்தில் மோட்டார் காயிலைக் கட்டக் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். நேராகக் கொட்டகைக்கு வரச் சொல்லியிருந்தார் மொதலாளி. உத்திரமேரூர் டென்ட்டுக் கொட்டாய் வாசலில் மேட்னிக்குக் கூட்டம் நின்றது. வேலைக்கு வந்து ஐந்து மாதம் முடிந்திருந்தது. கால் அரித்தது. வண்டியைப் பின்பக்கம் வேலிக்கருகில் நிறுத்தி, ரோட்டாரைக் கழற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். வண்டியை யாராலும் ஓட்டிப் போக முடியாது என்ற தைரியம். மணி அடித்தாலும் சினிமாச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்பது தோன்றவே இல்லை.

படம் விட்டு வந்து பானெட்டைத் தூக்கினால் பேட்டரி இல்லை. ஒயரைக்கூட அறுக்காமல் ஸ்பேனர் போட்டு நிதானமாகக் கழற்றியிருந்தார்கள்.

கல்யாணங்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிற ஒருவன் எனக்குப் பழக்கம். அவனிடம் பேட்டரி இருக்கும். காலையில் முகூர்த்தத்துக்கு வேண்டும் என்று தயங்கினான். இருட்டுவதற்குள் கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லி வாங்கி மாட்டிக்கொண்டு ஊர் வந்தேன். வெயில் தாழ்ந்திருந்தது. காவல்காரர் கரும்புக்குத் தண்ணீர் மடை மாற்றிக்கொண்டு தூரத்தில் நின்றார். நான் பானெட்டைத் தூக்கினேன். மணி அடித்தது.

"இன்னா தம்பி, ரோட்டாரா?" என்று அங்கிருந்தே கத்தினார்.

"ஆமாண்ணே!"

அவர் மண்வெட்டியோடு மறுபடி குனிந்துவிட்டார். நான் பேட்டரியைக் கோணியில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டி, ஒலிபெருக்கிக்காரனிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். காலையில் பேட்டரி காணோம் என்று தெரியும், யாரோ வெளியூர்த் திருடன் என்று இரண்டு நாள் திட்டிவிட்டு வேறு வாங்குவார்கள் என்று நினைத்தேன். அந்த மணியை மறந்துவிட்டேன்.

காலையில் மொதலாளி மறக்கவில்லை.

"மணி அட்ச்சிதா?"

"சாயங்காலம் டிரைவர் தம்பி ரோட்டார் கயட்டசொல்ல அட்ச்சிது மொதலாளி. அதுக்கப்பறம் அடிக்கல. நான் தூங்கவே இல்ல" என்றார் காவல்காரர். உள்ளதை உள்ளபடி சொன்னார். அந்த உண்மைதான் அவரைப் பிடித்துக் கொடுத்தது.

"மணி கட்டனவனுக்குத்தான மணிய எப்பிடிப் புட்ச்சிக்கினு தொறக்கறதுன்னு தெரியும்?" என்றான் மொதலாளியின் மச்சான்.

பத்துப் பேர் கூடிவிட்டார்கள். எங்கள் பக்கம் பொருள் காணாமல் போனால் போலீசுக்கு முன்பு கற்பூரம்தான். அம்மன் கோயில் இருக்கும் திசை பார்த்துத் தரையில் ஏற்றி, "நான் எடுக்கவில்லை" என்று சொல்லி உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். ஜீப்புக்கு முன்னாலேயே ஏற்றினார்கள். முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். "பேட்டரிய நான் எடுக்கல" என்று சொல்லி அணைத்தேன். அது பொய்யில்லை. சூடுகூட அவ்வளவாகத் தெரியவில்லை.

அடுத்து அவர். மறுபடி ஏற்றினார்கள். அவர் குனியவில்லை.

"அஞ்சு மாசம் போவட்டும் மொதலாளி. அப்ப பத்துக் கற்பூரம் ஏத்துங்க, அணைக்கறேன்."

"அஞ்சு மாசத்துல பேட்டரி குட்டி போடுமா?" என்றான் மச்சான். எல்லோரும் சிரித்தார்கள்.

சம்சாரம் மாசமாக இருக்கும்போது புருஷன் எரிகிற தீபத்தையும் கற்பூரத்தையும் கையால் அணைக்கக்கூடாது என்று அவர் வீட்டு வழக்கம். அதைச் சொல்ல வேண்டுமானால் மாசமாக இருப்பதைச் சொல்ல வேண்டும். அவர் சம்சாரம் சாய்ப்பு வாசலில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். அவர் என்னைப் பார்த்தார். அந்தக் கூட்டத்தில் விஷயம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் சொல்லியிருக்கலாம். நான் சினிமாவுக்குப் போன கதையைச் சொல்லக்கூட வேண்டாம், அந்த ஒரு விஷயத்தை மொதலாளி காதோடு சொல்லியிருந்தாலும் போதும். சொன்னால் பேச்சு நிற்காமல் அடுத்தது என்ன என்று என் பக்கம் திரும்பும் என்று பயந்தேன். முன் டயரில் ஒட்டியிருந்த சேற்றைக் காலால் தட்டிக்கொண்டிருந்தேன்.

கற்பூரம் தானாக எரிந்து அணைந்தது. "போடா, இன்னிக்கே வூட்டக் காலி பண்ணு" என்றார் மொதலாளி. மதியத்துக்குள் பானையும் பாயும் தலைமேல் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் வரப்போடு போனார்கள். அவள் முன்னால், வயிற்றில் ஒரு கை வைத்தபடி.

ஆறு மாதம் தாங்காத நான் அந்த ஊரில் அதற்கப்புறம் இரண்டு வருஷம் இருந்தேன். உடனே கிளம்பினால் என்னைச் சந்தேகிப்பார்கள் என்பதுதான் காரணம். மோட்டார் ஒயர் போனாலும் கோழி போனாலும் ஊரில் அவர் பேச்சுதான் அடிபடும். "அந்தப் பேட்டரிக்காரன் கூட்டாளியாத்தான் இருக்கும்" என்பார்கள்.

ஜீப்புக்கு ஸ்பிரிங் பட்டை வாங்கக் காஞ்சிபுரம் போன ஒரு நாள், ராஜகுளத்தருகே ஒரு செங்கல் சூளையில் அவரைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி போகப் பார்த்தேன். அவர் கையைத் தட்டிக் கூப்பிட்டார். டீ வாங்கிக் கொடுத்தார். ஆண் குழந்தை. முடி தோள்வரை வளர்ந்து, மண்ணில் உட்கார்ந்து செங்கல் தூளைத் தின்றுகொண்டிருந்தான்.

"பேட்டரி கெடச்சிதா தம்பி?"

"இல்லண்ணே."

அன்று மாலை மணி அடித்ததை யோசித்துப் பார்த்திருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். யோசித்தாரா என்று அவர் முகத்தில் தெரியவில்லை.

"ஊர்ல இன்னும் என்னியதான் சொல்லிக்கினு கீறாங்களா?"

"யாரும் பேசறதில்லண்ணே. எல்லாம் மறந்துட்டாங்க."

அவர் முகம் மாறியதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அப்படியொரு சந்தோஷம். உள்ளே பார்த்துச் சம்சாரத்தைக் கூப்பிட்டார்.

"கேட்டியா? தம்பி சொல்லுது. இவனுக்கு நம்ம அம்மன் கோயில்ல மொட்ட அடிக்கறதா வேண்டிக்கினு கீது. இன்னா மூஞ்ச வெச்சிக்கினு வர்றதுன்னு தள்ளிப் போட்டுக்கினே இருந்தோம். வர்ற வெள்ளிக்கெயம வந்துடறோம். நீ கீறே இல்ல?"

"வாங்கண்ணே. நான் கீறேன்" என்றேன்.

வரவேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும். வந்தால், ஊர் நடுவில் யாராவது ஒருவன் பேட்டரிக்காரன் என்று கூப்பிடுவான். அதற்கு முன்பு மொதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று திங்கட்கிழமை நினைத்தேன். செவ்வாய்க்கிழமையும் நினைத்தேன். புதன்கிழமை காலை ரோட்டாரைப் புதுக் காவல்காரனிடம் கொடுத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வெள்ளிக்கிழமை நெல்லூரில் ஒரு லாரிக்கு அடியில் படுத்துக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தேன். எந்த பஸ்ஸில் வந்து இறங்கியிருப்பார்கள், கோயிலுக்கு டீக்கடைத் தெரு வழியாகப் போனார்களா, ஏரிக்கரை வழியாகவா என்று அன்று முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. ஏரிக்கரை வழியில் அவ்வளவாக ஆள் இருக்காது. அவர்கள் அந்த வழியாகப் போயிருக்க மாட்டார்கள். எல்லாரும் மறந்துவிட்டார்கள் என்று நான் சொல்லியிருந்தேனே.