நோட்டில் இருந்த நேற்றைய எண்

எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். ஆற்றுத் தண்ணீரோடு சம்பந்தப்பட்ட ஆபீஸ். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், திருநெல்வேலியில், நான் அங்கே கிளார்க். அவ்வளவு போதும்.

காலை எட்டு மணிக்கு, மேலே உள்ள அணையிலிருந்து போன் வரும். அணையில் எத்தனை அடி தண்ணீர், எவ்வளவு திறந்துவிடுகிறார்கள் என்று அங்கே உள்ளவர் கத்துவார். நானும் இங்கிருந்து கத்திக் கேட்டு நோட்டில் எழுதுவேன். மழைக்காலத்தில் லைன் அடிக்கடி செத்துப்போகும். அதற்காகக் கட்டத்தைக் காலியாக விட முடியுமா? விட்டால் மெமோ வரும். ஆகவே நேற்றைய எண்ணையே எழுதி, பக்கத்தில் சின்னதாக 'மே.ப.' என்று போட்டுவிடுவோம். மேற்படி என்று அர்த்தம். லைன் வந்ததும் அடித்துத் திருத்திக்கொள்வோம். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்தார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்கள் சுரைக்காயை எவன் கறி வைக்கப்போகிறான் என்கிற தைரியம்தான்.

அந்த நோட்டை வெளி ஆளுக்குக் காட்டக்கூடாது. ஏன் என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. ஆற்றங்கரையில் குடியிருக்கிறவனுக்கு ஆற்றில் எவ்வளவு வரப்போகிறது என்று தெரிய வேண்டாமாம், எங்கள் பீரோவுக்குத் தெரிந்தால் போதுமாம். நல்ல நியாயம்! ரேடியோவில் 'தென் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில்' என்று வாசிப்பார்கள். அது எந்த இடம் என்று வாசிக்கிறவருக்கே தெரியாது.

கரைக்காரர்களுக்கு வேறு கணக்கு இருந்தது. ஆற்றுக்குள்ளேயே நிற்கிற முருகன் கோயிலில், தண்ணீர் நிறம் மாறி ஏறத் தொடங்கினால் உற்சவரை மேட்டுக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். சாமி ஏறிவிட்டார் என்றால் சனமும் சட்டி பானையோடு ஏறிவிடும்.

எங்கள் ஆபீசுக்குப் பால் ஊற்றிய அண்ணாச்சியும் கரைக்காரர்தான். நாலு எருமை, ஒரு ஓட்டு வீடு. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து அந்த ஐப்பசியில்தான் பெண் குழந்தை பிறந்திருந்தது. எட்டு நாள் பிள்ளை.

மூன்று நாளாக விடாத மழை. அன்று காலை லைன் செத்துக் கிடந்தது. நேற்றைய எண்ணை எழுதி மே.ப. போட்டுவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி தலையில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு நனைந்தபடி வந்தார்.

"கேட்டீரா வே, சாமி மேல ஏறிட்டாரு. எல்லாவனும் கிளம்புதான். பச்ச ஒடம்புக்காரிய இந்த மழையில நான் எப்பிடிக் கொண்டுட்டுப் போவேன்? பிள்ளைக்கு வேற சளி. ஒம்ம நோட்டுல என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லும்."

"வெளி ஆளுக்குக் காட்டக்கூடாது அண்ணாச்சி."

"நான் வெளி ஆளா வே? பத்து வருசமா பால் ஊத்துதேன்."

என் கூறுகெட்ட பெருந்தன்மை, நோட்டைத் திருப்பிக் காட்டினேன். அவருக்கு எண்கள் தெரியும். விரலை வைத்துப் பார்த்தார்.

"முந்தாநாளு கூடுதல். நேத்து கொறஞ்சிருக்கு. இன்னைக்கும் அதே. அப்ப ஏறாதுல்லா?"

"ஏறாது அண்ணாச்சி. பைய போங்க."

மே.ப. அவர் விரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. எனக்கு அது ஒரு எழுத்தாகவே படவில்லை. சொல்லியிருந்தால் அரை நிமிஷம். லைன் இல்லை அண்ணாச்சி, இது நேற்றையது, இன்றைக்கு என்னவென்று எனக்குத் தெரியாது, சாமி ஏறிவிட்டால் நீங்களும் ஏறுங்கள். தெரியாது என்று சொல்ல எங்கள் ஆபீசில் யாரும் பழகியிருக்கவில்லை.

அவர் முகம் தெளிந்துவிட்டது. "கவருமெண்டு கணக்குல்லா, தப்பாது" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

மத்தியானத்துக்குள் வெள்ளம் வந்துவிட்டது. அணையில் முதல் நாள் ராத்திரியே மதகுகளைத் தூக்கியிருக்கிறார்கள். அண்ணாச்சி மனைவியையும் பிள்ளையையும் இடுப்பளவு தண்ணீரில் தூக்கிவந்து மேட்டுத் தெருவில் விட்டுவிட்டு, எருமைகளை அவிழ்த்துவிடத் திரும்பியிருக்கிறார். மூன்றாம் நாள் சீவலப்பேரிப் பக்கம் உடல் கிடைத்தது.

லைன் வந்ததும் இன்ஜினியர் நோட்டைக் கேட்டார். பழைய எண்ணை அடித்துச் சரியான எண்ணை எழுதச் சொன்னார். எழுதினேன். வழக்கம்தானே.

கார்த்திகை பிறந்த பிறகு அண்ணாச்சியின் மனைவி வந்தாள். தோளில் பிள்ளை. நிவாரணத்துக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அதற்கில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு அவிய இங்கன வந்தாவளா? ஆபீஸ்ல நோட்டையே பாத்துட்டேன், ஏறாதுன்னு இருக்கு, நீ படுன்னு எங்கிட்ட சொன்னாவ. அவிய அண்ணன்மாரு நம்ப மாட்டேங்காவ. எருமைய விட்டுட்டு வர மனசில்லாம அவன் ஒங்கிட்ட பொய் சொல்லியிருக்கான்னு சொல்லுதாவ. வந்தாவளா?"

இன்ஜினியர் அறைக் கதவு திறந்திருந்தது. நோட்டைக் காட்டியது தெரிந்தால் என் வேலை போய்விடும். பயந்தேன். வேறு காரணம் கிடையாது.

"இல்லையேம்மா. அன்னைக்கு யாரும் வரலையே."

அவள் அழவில்லை. பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அப்ப எங்கிட்ட பொய்தான் சொல்லியிருக்காவ" என்றாள். படியிறங்கிப் போய்விட்டாள்.

கூப்பிட்டிருக்கலாம். நான் கூப்பிடவில்லை. அந்தப் பிள்ளைக்கு இப்போது முப்பது வயது தாண்டியிருக்கும். அப்பா எருமைக்காக அம்மாவிடம் பொய் சொன்னார் என்றுதான் கேட்டு வளர்ந்திருக்கும்.