ஆறாவது பீங்கான்

கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த வீட்டுக்குப் பொலிஸில் பதிந்த பெயர்கள் ஐந்து. அப்பா, அம்மா, அக்கா, நான், பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்த அம்மாவின் தம்பி, எங்கள் மாமா. சண்டைக்காலம். பட்டியலுக்கு மேல் ஓர் ஆள் வீட்டில் இருந்தால் பதில் சொல்லி மாளாது.

ஆனால் ஞாயிறு பூசை முடிந்து சாப்பிட உட்கார்ந்தால் மேசையில் ஆறு சோற்றுப் பீங்கான் இருக்கும். ஆறாவது யேசுவுக்கு. மாமா தொடக்கிவைத்த வழக்கம் அது. "கண்ணை மூடிக்கொண்டு தேடாதை பிள்ளை, திறந்து பார். கடற்கரையில மீன் சுட்டுக் குடுத்த மனிசன் எங்கட மீன்குழம்புக்கு வராமல் விடுவாரே?" என்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். எனக்கு ஏழு வயது. யேசு கதிரையை இழுக்கும் சத்தமே கேட்கும். பள்ளியில் யாராவது தமிழத்தி என்று பழித்தால், யேசு சாப்பிட வருகிற வீட்டுப் பிள்ளை நான் என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். அது போதும்.

ஒரு ஞாயிறு, சோறு போடும்போதே பொலிஸ் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் எங்களை எண்ணினார். பிறகு பீங்கான்களை எண்ணினார். அப்பா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் யேசுவைப் பற்றிச் சொல்லிப் பார்த்தார்; பயத்தில் அது பிரசங்கமாகவும் இல்லை, விளக்கமாகவும் இல்லை. இன்ஸ்பெக்டர் என்னிடம் குனிந்து, "துவே, நீ சொல்லு மகள், ஆர் இங்கை சாப்பிட வாறது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

யேசுவை இல்லை என்று சொல்வதா? நெஞ்சை நிமிர்த்தினேன். "மாமாவின்ர சிநேகிதர். ஒவ்வொரு ஞாயிறும் வருவார். நீங்கள் தட்டினதும் பின்பக்கத்தால போயிட்டார்."

இரண்டு பொலிஸ்காரர் குசினிக்குள்ளால் ஓடினார்கள். பின் ஒழுங்கையில் ஒருவரும் இல்லை. அதுவே சந்தேகத்தைக் கூட்டிவிட்டது. "சேர், சின்னப் பிள்ளை சேர்" என்று அம்மா கெஞ்சக் கெஞ்ச மாமாவை ஜீப்பில் ஏற்றினார்கள்.

அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் இன்றைக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

அப்பா பாதிரியாரையும் கூட்டிக்கொண்டு அலைந்து, பன்னிரண்டாம் நாள் மாமாவை வீட்டுக்குக் கொண்டுவந்தார். மாமா சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் நடந்தார். "எல்லாம் இவளாலதான்" என்று அக்கா என்னைக் காட்டினாள்.

"விடு. அவள் பொய் சொல்லேல்லை" என்றார் மாமா. "அங்கையும் அவர் வந்தவர். சீமெந்து நிலத்தில எனக்குப் பக்கத்தில இருந்தவர்."

மன்னிப்புக் கேட்கத் தோன்றவேயில்லை எனக்கு. பிறகு மாமா கனடா போய், அங்கேயே கண்ணை மூடும்வரைக்கும் கேட்கவில்லை. அன்றைக்கு என்னிடம் இருந்ததெல்லாம் நான் சொன்னது சரியாகிவிட்ட பெருமைதான்.

"என்ன உடுத்திருந்தவர் மாமா? வெள்ளை அங்கியோ?"



"அவருக்கும் உடம்பில சேட் இல்லை, பிள்ளை."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போனார். பொலிஸில் அவ்வளவு வெக்கையாக்கும் என்று நினைத்து, நான் எழும்பிப் போய் மேசை விசிறியை மாமாவின் பக்கம் திருப்பிவிட்டேன்.