கண்ணின் வெள்ளை

தம்பானூரில் ஒரு ஸ்டூடியோவில், கம்ப்யூட்டரில் படங்களின் நிறத்தைத் திருத்தும் வேலை எனக்கு. நாங்குநேரியிலிருந்து கட்டட வேலைக்கு வந்த ஒருவர், அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தார்.

“ரொம்ப அசதியா இருக்குக்கா. படத்துல தெரியாம பாத்துக்கிடுங்க,” என்றார்.

படத்தைத் திறந்தால் முகமெல்லாம் மஞ்சள். விளக்கின் கோளாறு என்று நினைத்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய ஓர் இடத்தை மௌஸால் தொட்டுக் காட்டினால், மீதியை மென்பொருள் சரிசெய்துவிடும். நான் எப்போதும் கண்ணின் வெள்ளையைத்தான் தொடுவேன். தொட்டேன். முகம் தெளிந்தது, வெள்ளைச் சட்டையும் சுவரும் நீலமாகிவிட்டன. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். இரண்டையும் தனியாக வெளுத்தேன்.

“இப்பதாங்க்கா ஆள் மாதிரி இருக்கேன்,” என்று சிரித்தார்.

மூன்று வாரம் கழித்து அவர் மனைவி வந்தார். மாலை போட, அதே படத்தைப் பெரிதாக்கித் தரச் சொன்னார்.

“மஞ்சக்காமாலைக்கா. முத்துன பொறவுதான் தெரிஞ்சுது.”

திருத்தாத படத்தைத் திறந்தேன். சட்டை வெள்ளை. பின்னாலிருந்த சுவரும் வெள்ளை. முகமும் கண்களும் மட்டுமே மஞ்சள். அவர் பார்ப்பதற்குள் மூடிவிட்டு, திருத்திய படத்தைக் காட்டினேன்.

வெகுநேரம் அதையே பார்த்திருந்தார். “இங்க வந்தப்பவும் இப்படி நல்லாத்தான் இருந்தாவளாக்கா?”

“ஆமா,” என்றேன்.

இன்றும் யார் படத்தைத் திறந்தாலும் முதலில் சுவரைத்தான் பார்க்கிறேன். சுவர் வெள்ளையாக இருந்து முகம் மஞ்சளாக இருந்தால், மௌஸை விட்டுவிட்டு எழுந்துபோய் அந்த ஆளின் கண்ணைப் பார்க்கிறேன்.