கட்டைமேல் உட்காரும் வேலை

மாலை நாலேகாலுக்கு ரம்பம் வழுக்கியது. திண்டிவனம் பஸ் தெருமுனையில் ஹாரன் அடிக்கும் நேரம் அது. நைனா தலையைத் திருப்பினார். கட்டையை விட்டு நழுவிய ரம்பம் என் இடது கால் கொலுசை உரசிக்கொண்டு நின்றது.

எங்கள் வீட்டில் விறகு அறுப்பது அப்படித்தான். வேப்பங்கட்டையின் ஒரு முனையை நைனா ஆட்டுக்கல்மேல் தூக்கி வைப்பார். அது ஆடாமலிருக்க நான் ஏறி உட்காருவேன். ஏழு வயதில் எனக்கு வாய்த்திருந்த ஒரே உத்தியோகம். தம்பி அழுதாலும் விட்டுக்கொடுத்ததில்லை.

அம்மா ஓடிவந்தாள். ரம்பத்தை டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினாள்.

"கட்டைய நிக்கவெக்க ஒண்ணு செய்யுங்க. அது மடங்கணும், இல்லாட்டி வாசல்ல மல்லாக்கொட்டய எங்க காயவெக்கிறது? எங்க அண்ணன் வந்து சரின்னு சொன்னாத்தான் ரம்பம்."

"ரம்பம் இல்லாம இன்னாத்த செய்யறது?"

"அது உங்க பாடு."

நைனா ஆபீஸில் பேனா பிடிப்பவர். பழைய கட்டிலைப் பிரித்து, ஒரே நீளமான நாலு சட்டங்களை எடுத்தார். கம்பியைக் காய்ச்சித் துளையிட்டு, இரண்டிரண்டாகப் பெருக்கல் குறிபோல் வைத்து போல்ட் முடுக்கினார். இரண்டையும் மண்வெட்டிக் காம்பால் இணைத்தார். பிரித்து நிறுத்திக் கட்டையை ஏற்றியதும், நாலு காலும் அகன்று அது தரையோடு படுத்துவிட்டது.

"மடங்கத்தானே சொன்னேன், படுக்கச் சொல்லலியே!" என்றாள் அம்மா. என் உத்தியோகம் பிழைத்த மகிழ்ச்சியில் நான்தான் அதிகம் சிரித்தேன்.

அம்மா உள்ளே போய் எனக்கும் தம்பிக்கும் தூளி கட்டிய கயிற்றைக் கொண்டுவந்தாள். கிணற்றுக் கயிறு அறுந்தபோதுகூட அதை அவள் தந்ததில்லை. கால்கள் அகலாதபடி குறுக்கே இழுத்துக் கட்டினாள். மறுபடி கட்டையை ஏற்றி நைனா உதைத்துப் பார்த்தார். அசையவில்லை.

"பாத்தியா, ராஜகிரிக் கோட்ட மாதிரி நிக்குது!"

மடக்கினால் கயிறு தொய்ந்தது. பிரித்தால் விறைத்து நின்றது. நைனா அதை ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு சாமி ஊர்வலம்போல் வாசலைச் சுற்றி வந்தார். தம்பி பின்னாலேயே தட்டைத் தட்டிக்கொண்டு போனான். இறக்கி வைத்ததும் நான் ஓடிப்போய்க் கட்டைமேல் ஏறிக்கொண்டேன்.

"நான் ஒக்காந்தாதான் நிக்கும்!"

அம்மா என் கொலுசுக் காலைப் பற்றிக்கொண்டாள். சிரித்துக்கொண்டேதான் இருந்தாள், ஆனால் பிடியை விடவில்லை. நல்லது நடந்த வீட்டில் எதற்கு இப்படிப் பிடிக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. என் மகள் ஸ்கூட்டர் கற்றுக்கொள்ளும் இந்நாட்களில், தெருவில் ஹாரன் கேட்டால் என் கையும் எதையாவது பற்றிக்கொள்ளத் தேடுகிறது.

அப்போதுதான், அம்மா சொல்லியனுப்பியிருந்த மாமா வல்லத்திலிருந்து சைக்கிளில் வந்து இறங்கினார். என்னை அப்படியே தூக்கிக் கீழே விட்டுவிட்டு, மூட்டை போன்ற தன் உடம்போடு கட்டைமேல் உட்கார்ந்தார். சட்டங்கள் முனகின, ஆனால் தாங்கின. சாவிக்காக அம்மாவிடம் கையை நீட்டியபடியே என்னிடம் சொன்னார்:

"உன் வேல போச்சு கண்ணு. போய் வெளையாடு."