ஹாகர் மலையில் வின்னியின் பாடை

எங்கள் பக்கத்தில் வின்னி ஆல்டர்சன் யாருக்கும் முதலில் அறிமுகமாவது அவளிடம் திட்டு வாங்கித்தான். மலைப்பாதையில் கேட்டை மூடாமல் போனால், ஊதாவாகப் பூத்துக் கிடக்கும் ஹெதர் புதர்களுக்கு அப்பாலிருந்து குரல் வரும்: "ஏய், உன் வீட்டு வாசலையும் இப்படித்தான் தொறந்து போட்டுட்டு வருவியா? ஆடு போயிடும்டா!" திரும்பினால் ரப்பர் பூட்சும் கம்பளித் தொப்பியுமாக அவள்.

ஞாயிறுதோறும் ஹாகர் மலையைக் கடந்து அக்காள் டாட்டியைப் பார்க்கப் போவாள். டாட்டிக்கு முழங்கால் போய்விட்டது. ரோடு மலையைச் சுற்றிப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸும் இல்லை. மலையைப் புதிதாக வாங்கிய கிரான்ட்லி, வேட்டைக்கு வளர்க்கும் காட்டுக்கோழிகள் கலைகின்றன என்று கேட்டுக்குப் பூட்டுப் போட்டார். அந்த ஞாயிறு டாட்டி ஜன்னலோரம் உட்கார்ந்தே இருந்தாளாம்.

பிணம் போன வழியை எவனும் அடைக்க முடியாது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் மதுக்கடையில் அதற்கு மறுபேச்சுக் கிடையாது.

"இப்பப் பொணத்துக்கு எங்க போறது?" என்றான் கசாப்புக்கடை ரால்ஃப்.

"நான் இருக்கேனே," என்றாள் வின்னி.

"நீ இன்னும் சாகலையேக்கா."

"உன் கடைக் கறியைத் தின்னே சாகாத உடம்புடா இது. தூக்குங்க!"

கொட்டகைக் கதவைக் கழற்றி, அவளைக் கிடத்தி, தலையோடு போர்த்தித் தூக்கினார்கள். ஊரே பின்னால் நடந்தது. கேட்டருகே கிரான்ட்லி நின்றிருந்தார். பாடையைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார்.

"யாரு?"

"வின்னி," என்றான் ரால்ஃப், தரையைப் பார்த்தபடி.

"ஐயோ, போன வாரந்தான் அந்தம்மாவ விரட்டிவிட்டேன்." பைகளைத் துழாவிச் சாவியை எடுத்தார். பூட்டைத் திறந்து, கேட்டை அகலத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

கடைசி ஆளும் தாண்டியதும் போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது: "கேட்டை மூடுங்கடா! ஆடு போயிடும்!"

கிரான்ட்லியின் முகம் சிவந்தது. பிறகு அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "பொணமே சொல்லிடுச்சு, மூடாம முடியுமா?" என்று கேட்டைச் சாத்தினார். பூட்டவில்லை. "நாய் கொண்டுவந்தா, கயித்துல கட்டிக் கூட்டிட்டுப் போங்க. கோழி கலையாம இருந்தாப் போதும்."

அவரும் கூடவே நடந்துபோய் டாட்டி வீட்டில் டீ குடித்தார். பூட்டு இப்போது அவர் கொட்டகை ஆணியில் தொங்குகிறது.

வின்னி இப்போது மலைக்கு அந்தப் பக்கம், டாட்டியோடு இருக்கிறாள். சனிக்கிழமைகளில் ரால்ஃப் கடைக்குக் கறி வாங்க நடந்து வருகிறாள்.